ஒரு முழமும் நாலு விரலும்

வருஷத்தில் ஒரே ஒரு வியாழக்கிழமைதான் வெல்டருக்குச் சொந்தம். கிறிஸ்து பரமேறிய திருநாள் ஞாயிற்றுக்கிழமையில் வராமல் வாரத்தின் நட்டநடுவில் வந்து தொலைக்கிறது. போதகருக்குப் பார்க்க ஐந்து கோயில்கள். எனவே, வேலை முடிந்த கையோடு வந்து உட்காருகிற பத்துப் பன்னிரண்டு பேருக்குப் பிரசங்கம் செய்ய வெல்டரே போதும் என்று என்றைக்கோ முடிவாகிவிட்டது. அன்றிலிருந்து வேலையிடத்தில் அவருக்கு உபதேசியார் என்று பெயர். அது மரியாதைக்காக வைத்த பெயர் என்று அவர் ஒருவர்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

வேடிக்கை என்னவென்றால், அந்தத் திருநாள்மேல் உபதேசியாருக்கே பெரிய அபிப்பிராயம் கிடையாது. கிறிஸ்துமஸுக்குப் புதுச்சட்டை உண்டு. பெரிய வெள்ளிக்கு அழுகை உண்டு. உயிர்த்தெழுந்த ஞாயிற்றுக்கு விடியற்காலைப் பாட்டு உண்டு. பரமேறுதலுக்கு என்ன இருக்கிறது? ஒருவர் கிளம்பி வானத்துக்குப் போகிறார். மற்றவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். போன வருஷம் பிரசங்கம் முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது அவர் மனைவி கேட்டாள்: "செத்தவரு திரும்பி வந்தாரு, சரி. வந்தவரு நம்மகூடவே இருந்திருக்கலாமில்ல? விட்டுட்டுப் போனதுக்கு நாம எதுக்குத் திருநாள் கொண்டாடணும்?"

அது ஒரு ரகசியம் என்று உபதேசியார் பதில் சொன்னார். பதில் தெரியாத பிரசங்கிகளுக்கு அவசரத்தில் கைகொடுக்கிற சொல் அது. மனைவி வழிநெடுகச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

இந்த வருஷத்து வியாழக்கிழமை விடிந்தபோது உபதேசியார் ஒரு மலைக்கு அடியில் தொடையளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்.

ஊருக்குக் குடிதண்ணீர் கொண்டுபோக மலையைக் குடைந்துகொண்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை காலையில், உள்ளே மூன்று பேர் கூரைக்கு இரும்பு வளைவு பொருத்திக்கொண்டிருந்த நேரம், அவர்கள் முதுகுக்குப் பின்னால் கூரை சரிந்து, வந்த வழியை அடைத்துவிட்டது. பம்பு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. ஊற்று இந்தப் பக்கம். செவ்வாயன்று தண்ணீர் கணுக்காலில் இருந்தது, புதனன்று முழங்காலில். வெள்ளிக்கிழமை எங்கே இருக்கும் என்று சொல்ல யாரும் பெரிய படிப்புப் படித்திருக்க வேண்டியதில்லை.

மூவரில் ஒருவன் துளைபோடுகிறவன். பக்கவாட்டில் நின்றால் ஆள் இருப்பதே தெரியாது என்பதால் ஊசி என்று பெயர். இன்னொருவர் மேஸ்திரி. உபதேசியாரின் மனைவிக்கு அண்ணன், அதாவது மச்சான். வார்த்தையைச் செலவழிக்க மனம் வராதவர். கல்யாணமான இந்தப் பதினெட்டு வருஷத்தில் தங்கை வீட்டுக்காரரிடம் அவர் பேசியதையெல்லாம் சேர்த்து எழுதினால் ஒரு பக்கம் நிரம்பாது. "வா மாப்ள." "சாப்டியா?" "சரி, போயிட்டு வா." அதற்கு மேல் உறவு தேவைப்படவில்லை.

மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி அகலமான ஆட்கள். வீட்டு விசேஷத்தில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் நிற்க வேண்டியதுதான். உபதேசியாரின் ஒரு சட்டைக்கு எடுக்கிற துணியில் இரண்டு தலையணைக்கு உறை தைத்துவிடலாம் என்று மனைவி சொல்லுவாள். இத்தனை நாள் அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

வியாழன் காலை ஒன்பது மணிக்குக் கூரையைப் பிளந்துகொண்டு ஒரு இரும்புக் குழாய் வந்து சேர்ந்தது. மலையின் முதுகிலிருந்து துளைபோட்டு இறக்கியிருந்தார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், நெடுந்தூரத்துக்கு மேலே, காசு அளவில் ஒரு வட்டம் பகல். ஊசி அதைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதான். உபதேசியாரும் அழத்தான் போனார். ஆனால் வெல்டர் புத்தி முந்திக்கொண்டது. கையை நீட்டிக் குழாயின் வாயை அளந்தார். ஒரு முழமும் நாலு விரலும். திரும்ப அளந்தார். இரும்பு வளரவில்லை.

கயிற்றில் ஒரு போன் பெட்டி இறங்கியது. மேலே இருந்த என்ஜினீயர் மன்னிப்புக் கேட்கிற குரலில் பேசினார். கைவசமிருந்த இயந்திரத்தால் இவ்வளவு அகலம்தான் போட முடிந்ததாம். பெரியது கிளம்பி வந்துகொண்டிருக்கிறதாம். அது வந்து, பூட்டி, துளைபோட்டு முடிக்கச் சனிக்கிழமை ஆகிவிடுமாம். இப்போதைக்கு ஒல்லியான ஆளை அனுப்புங்கள், மற்றதைப் பிறகு யோசிக்கலாம் என்றார். மற்றது என்பது தானும் மச்சானும்தான் என்று உபதேசியாருக்குப் புரிய நேரம் ஆகவில்லை.

கித்தான் பட்டை மாட்டிய கயிறு வந்தது. ஊசி அதற்குள் நுழைந்து கட்டிக்கொண்டு மேலே போனான். குழாயின் எந்தப் பக்கமும் அவனைத் தொட்டதாகத் தெரியவில்லை. ஏழாவது நிமிஷம் மேலே கைதட்டுகிற சத்தம் கேட்டது. உபதேசியார் மனமாரச் சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷத்தால் தன் தோள் ஒரு நூலளவும் சுருங்கவில்லை என்பதையும் கவனித்தார்.

பட்டை மறுபடி இறங்கிவந்து இருவருக்கும் நடுவில் தொங்கியது.

சுரங்க வேலையில் எழுதிவைக்காத சட்டம் ஒன்று உண்டு. உள்ளே போகும்போது மேஸ்திரி முதல் ஆள், வெளியே வரும்போது கடைசி ஆள். எந்த மேஸ்திரியும் அதை மீறி உபதேசியார் பார்த்ததில்லை. ஆகவே அடுத்த முறை தன்னுடையது. பாதியில் மாட்டிக்கொண்டால் தான் சாவது மட்டுமில்லை, கீழே இருக்கிற மச்சானுக்கும் காற்று அடைபட்டுப் போகும். நான் ஏறமாட்டேன் மச்சான், இருந்தால் இரண்டு பேரும் இருப்போம், போனால் இரண்டு பேரும் போவோம் என்று சொல்ல நினைத்தார். கொஞ்சம் உருக்கமாகவே தயார் செய்திருந்தார். ஒரு பிரசங்கிக்கு இப்படியொரு சந்தர்ப்பம் அடிக்கடி வாய்ப்பதில்லை.

வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரி அவரைக் கட்டிப்பிடித்தார்.

மார்போடு மார்பாக, இரண்டு கையாலும், தோளைச் சுற்றி. உபதேசியார் ஆடிப்போய்விட்டார். தங்கையின் கல்யாணத்தன்றுகூடக் கையை மட்டும் குலுக்கிவிட்டுப் பந்தலைப் பிரிக்கப் போன மனிதர் இவர். பிடியை விட்ட பிறகும் கைகளை வளைத்தது வளைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார், பிரிய மனமில்லாதவர் மாதிரி. இது விடைபெறுகிற நேரம் என்று உபதேசியாருக்கு விளங்கியது. யார் யாரிடம் விடைபெறுகிறார்கள் என்பதைத்தான் தப்பாக எடுத்துக்கொண்டார். ஏனென்றால் மேஸ்திரி பட்டையை எடுத்துத் தன் இடுப்பில் மாட்டிக்கொண்டார்.

"நான் முன்னால போறேன் மாப்ள."

"நீங்க மேஸ்திரி, மச்சான்."

"ஆமா."

உபதேசியாருக்கு வாய் கசந்தது. "உங்க தங்கச்சிகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

மேஸ்திரி பட்டையின் கொக்கியை இழுத்துப் பார்த்தார். "நீ வந்து சொல்லு" என்றார். பிறகு கயிற்றை இரண்டு தடவை சுண்டினார்.

கால்கள் தண்ணீரிலிருந்து எழுந்தன. குழாய்க்குள் தலை போயிற்று, ஒரு கை போயிற்று, தோள் நெரிபட்டு நுழைந்தது, வயிறு போயிற்று. அண்ணாந்து நின்ற உபதேசியாரின் முகத்தில் மச்சானின் செருப்புத் தண்ணீர் சொட்டியது. பிறகு மேலிருந்த பகல் ஒரேயடியாக மறைந்தது. அந்த உடம்பு குழாயை அவ்வளவு நிறைத்திருந்தது.

இருட்டில் இரும்பு தேய்கிற சத்தம் மட்டும் வந்தது. பாதி வழியில் அதுவும் நின்றது. ரொம்ப நேரம் நின்றது. அதன்பின் ஒரு அலறல். மச்சானுக்கு அப்படியொரு குரல் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. திரும்பவும் தேய்ப்பு. திடீரென்று வெளிச்சம் வந்தது, பழைய வட்டமாக, காலியாக.

போனில் ஒருவர் அவசரமாக, வந்துவிட்டார், நீங்கள் பொறுங்கள் என்றார். கயிறு வரவில்லை.

பத்து நிமிஷம் போயிற்று. அரை மணி போயிற்று. உபதேசியார் போன் பெட்டியில் கூப்பிட்டுப் பார்த்தார். பொறுங்கள் என்று மறுபடி ஒரு குரல். தண்ணீர் இடுப்புக்கு வந்து, கால்சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த பிரசங்கத் தாளை நனைக்கத் தொடங்கியது. அதில் நனைய அதிகம் இல்லை. ஆண்டவர் போனது நமக்கு நன்மை என்று ஒரு வரி. ஏனென்றால் என்று அடுத்த வரி. அதோடு சரி.

கழுத்து வலித்தது. வட்டத்திலிருந்து கண்ணை எடுக்கவும் முடியவில்லை. சீஷர்களும் அன்றைக்கு இப்படித்தான் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள் என்று நினைத்தார். அவர்களுக்காவது வெள்ளை உடுத்திய இரண்டு பேர் வந்து ஏன் இப்படி நிற்கிறீர்கள் என்று அதட்டினார்கள். தனக்கு அதட்டவும் ஆள் இல்லை. இரண்டு எலிகள் இருந்தன. அவையும் நேற்றே எங்கோ வழி கண்டுபிடித்துப் போய்விட்டன.

ஜெபம் பண்ணினார். பிரசங்க பீடத்தில் பண்ணுகிற ஜெபம் இல்லை.

"நீங்களும் இப்படித்தானே போனீங்க, ஆண்டவரே. இதே மாதிரி ஒரு வியாழக்கிழமை. செத்து வந்தவரு, இனிமே எங்க போகப் போறாருன்னு நம்பி நின்னாங்க. நல்ல வார்த்தை ரெண்டு சொல்லிட்டுக் கிளம்பிட்டீங்க. மேல உங்களுக்கு வெளிச்சம். இங்க தண்ணி ஏறுது."

சொல்லி முடித்ததும் பயமாக இருந்தது. திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தார். எடுத்துக்கொள்ளவில்லை. அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பதினோரு வருஷப் பிரசங்கங்களில் அப்படிச் சொல்ல முடிகிற முதல் பேச்சு அதுதான். குளிரில் பல் கிட்டியது. மனைவி இப்போது மேலேதான் எங்காவது நிற்பாள். அண்ணன் வந்ததைப் பார்த்திருப்பாள். அடுத்து யார் என்று கேட்டிருப்பாள். அதற்கு மேல் அவரால் நினைக்க முடியவில்லை. போன் பெட்டிமேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

அப்போதுதான் பெட்டிக்குள் சண்டை நடப்பது கேட்டது. மேலே யாரோ போனை மூடாமல் வைத்துவிட்டிருந்தார்கள்.

"இவர் தோளைப் பாருங்க, ரெண்டு பக்கமும் தோலே இல்ல" என்றார் என்ஜினீயர். "இதைப் பார்த்த பிறகும் இன்னொருத்தரை நான் இழுக்கணுமா? நடுவுல மாட்டுனா அவரைக் கீழயும் இறக்க முடியாது. பெரிய குழாய் வரட்டும்."

"பெரிய குழாய் எப்ப?"

அது மச்சான். தொண்டை கட்டியிருந்தது.

"சனிக்கிழமை."

"அவனுக்கு நாளைக்குக் காலையே கிடையாது சார்."

படுங்கள், முதலில் வண்டியில் ஏறுங்கள், ஆஸ்பத்திரியில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று ஒரு பெண் குரல் நடுவில் வந்தது. மருத்துவராக இருக்க வேண்டும். ஏறமாட்டேன் என்றார் மேஸ்திரி. அதன்பின் பதினெட்டு வருஷமாகச் சேர்த்துவைத்த வார்த்தைகளையெல்லாம் ஒரே மூச்சில் அவிழ்த்துவிட்டார்.

"நான் சொல்றதைக் கேளுங்க. குழாய்க்குள்ள கேபிள் இழுக்கிறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவோம்? பெரிய கட்டையா ஒண்ணு கட்டி இழுத்துப் பார்ப்போமா இல்லையா? கட்டை போச்சுன்னா கேபிள் போகும். அந்தக் கட்டைதான் நான். மேஸ்திரி எதுக்கு முன்னால ஏறி வந்தான்னு நினைச்சீங்க? காத்து வாங்கவா?"

"அவர் உங்களைவிட அகலமா இருந்துட்டா?"

"அளந்துட்டேன். கட்டிப்பிடிச்சு அளந்தேன். என்னைவிட மூணு விரல் கம்மி. அவன்கிட்ட சொல்லல. சொன்னா ஏற விட்டிருக்க மாட்டான், பிரசங்கம் பண்ணியிருப்பான்."

உபதேசியாருக்குச் சிரிப்பு வந்தது. பதினெட்டு வருஷத்தில் கிடைத்த ஒரே ஒரு அணைப்பு, அதுவும் அளவு நாடா. சிரித்த வேகத்தில் கால் வழுக்கி, தண்ணீரைக் குடித்து, இருமி, எழுந்து நின்றபோது அது சிரிப்பாக இல்லை. குழாயைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதுகொண்டிருந்தார்.

பெட்டிக்குள் சண்டை ஓயவில்லை. மாட்டினால் யார் பொறுப்பு என்று என்ஜினீயர் கேட்டார். அது நியாயமான கேள்விதான். மேஸ்திரி வேறெந்த நியாயமும் பேசவில்லை. இந்தத் தோளைப் பாருங்கள் என்றார். தோல்தானே போயிருக்கிறது, ஆள் வந்துவிட்டேனே என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். அந்தக் காயத்தைத் தவிர அவரிடம் வேறு சாட்சி இல்லை.

கோயிலில் ஒவ்வொரு வாரமும் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது, ஆண்டவர் பிதாவின் வலது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்ற இடம் வந்தால், உபதேசியார் மனசில் ஒரு சாய்வு நாற்காலி வரும். வேலை முடிந்தது, ஓய்வு எடுக்கிறார், தொந்தரவு செய்யக்கூடாது. இப்போது அந்த நாற்காலியைக் காணவில்லை. காயம்பட்ட ஒரு ஆள் படுக்க மறுத்து, தோளைக் காட்டி, கீழே இன்னும் ஒருத்தன் இருக்கிறான் என்று விடாமல் மன்றாடிக்கொண்டிருந்தார். ஆண்டவர் உடம்பைச் சட்டை மாதிரிக் கழற்றிப் போட்டுவிட்டுப் போயிருந்தால் எந்தத் துளை வழியாகவும் போயிருக்கலாம், அதில் மற்றவர்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. ஊசி போனது மாதிரிதான். இவர் உடம்போடு போனார். எலும்பு, சதை, ஆணி பாய்ந்த இடம், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார். மனுஷ அகலத்தில் ஒன்று அந்த வழியாக முழுசாக உள்ளே போயிருக்கிறது.

இதையெல்லாம் தெளிவாக நினைத்தார் என்று சொன்னால் அது பொய். தண்ணீர் தொப்புளைத் தாண்டியிருந்தது. நினைப்பு துண்டு துண்டாக வந்தது. நடுநடுவே செத்துவிடுவேன் என்றும் வந்தது.

மேலே ஒரு பெருமூச்சு கேட்டது. சரி, இழுங்கள் என்றார் என்ஜினீயர்.

பட்டை இறங்கியது. கூடவே போனில் மச்சான் குரல் வந்தது.

"மாப்ள, இருக்கியா?"

இருக்கிறேன் என்று சொல்ல இரண்டு முறை முயல வேண்டியிருந்தது.

"வலது கையைத் தலைக்கு மேல நீட்டிக்க. இடது கையை உடம்போட ஒட்டிக்க. பாதி வழியில ஒரு ஒட்டு இருக்கு. அங்க மாட்டும். மாட்டுறப்ப பதறாத. நானும் அங்கதான் மாட்டுனேன்."

உபதேசியார் பட்டையை மாட்டிக்கொண்டு கயிற்றைச் சுண்டினார். கால் தரையை விட்டது. குழாய் அவரை வாங்கிக்கொண்டது. முகத்துக்கு முன்னால் இரும்பு, முதுகுக்குப் பின்னால் இரும்பு, நீட்டிய கைக்கு அப்பால் கொஞ்சம் பெரிதாகிவிட்ட அந்த வட்டம். ஏறினார். தோள் தேய்ந்தது. சட்டை கிழிந்தது. வலி வந்தபோது நல்லதுதான், நகர்கிறோம் என்று எண்ணிக்கொண்டார்.

பிறகு நகரவில்லை.

விரலால் தடவிப் பார்த்தார். இரண்டு குழாய்த் துண்டுகளைச் சேர்த்த ஒட்டு. நேராக உட்காராமல் ஒரு பக்கம் உள்ளே பிதுங்கி நின்றது. அவசரத்தில் போட்ட வெல்டிங். இந்த வேலையைச் செய்தவனிடம் ஒரு வாளியைக்கூட ஒட்டக் கொடுக்கக்கூடாது என்று உபதேசியாரின் ஒரு பாதி நினைத்தது. மறு பாதி பேய் மாதிரி உதைத்துக்கொள்ள ஆரம்பித்தது. கால் காற்றில் ஆடியது. கயிறு இழுத்தது, பட்டை விலாவில் இறங்கியது, உடம்பு அசையவில்லை. காற்று குறைந்தது. கத்த நினைத்தார். கத்துவதற்கு நெஞ்சு விரிய வேண்டும், விரிய இடமில்லை. முடிந்தது என்று தோன்றியது. மச்சான் விரலைத் தப்பாக எண்ணிவிட்டார். பதற்றத்தில் எந்த மனுஷனும் தப்பாக எண்ணுவான்.

தடவிய கையில் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியது. எண்ணெய் என்று நினைத்தார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோக முடியவில்லை. ஆனாலும் தெரிந்தது. ஒட்டின் விளிம்பு நெடுக அது இருந்தது. அதில் ஒரு துண்டுக் காக்கித் துணியும் சிக்கியிருந்தது. மச்சான் நின்றது இந்த இடத்தில்தான். அலறியதும் இங்கேதான். அந்த விளிம்புக்கு மேலேயும் இரும்பு ஈரமாக இருந்தது. மேலே, கை எட்டுகிற மட்டும்.

குழாயின் வாயில் ஒரு தலை வந்து குனிந்தது. வட்டம் பாதி மறைந்தது.

"மாப்ள." குரல் இரும்பு வழியாக எலும்புக்குள் வந்தது. "மூச்சை விடு. நெஞ்சு ஒடுங்கும். முழுசா விடு, உள்ள ஒண்ணும் வச்சுக்காத."

உபதேசியார் உதட்டை மட்டும் அசைத்தார். "விட்டா, திரும்ப இழுக்க இடமில்ல மச்சான்."

"தெரியும். அங்க இருக்காது. ஒரு சாண் மேல வந்தா இருக்கு. நான் இழுத்தேன்."

இருக்கிற ஒரு மூச்சை விடச் சொல்கிறார்கள். அதுதான் மிச்சம் இருந்தது. அதைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள அவரிடம் வேறெதுவும் இல்லை. கண்ணை மூடினார். பயம் போகவில்லை. போகும் என்று காத்திருக்க நேரமும் இல்லை. ஆண்டவரே என்று சொல்ல ஆரம்பித்து, அந்தச் சொல்லோடு சேர்த்து மூச்சை விட்டார். வயிற்றில் இருந்தது, நெஞ்சில் இருந்தது, தொண்டையில் ஒளித்து வைத்திருந்தது எல்லாவற்றையும் விட்டார். விலா எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. காது அடைத்தது. மேலே யாரோ இழு என்றார்கள். கயிறு இறுகியது. தோளின் தோல் அந்த விளிம்பில், முன்பே ரத்தம் இருந்த இடத்தில், தங்கிவிட்டது.

அவர் மேலே நகர்ந்தார்.